டேவிட் லிவிங்ஸ்டனும் அவர்தம் துணைவரும்

பெரியோர் எனப் போற்றப்பெறுவாரின் வரலாறுகளை நோக்குமிடத்து, அவர் ஒருவரே தனித்து நின்று அருஞ்செயல் ஆற்றினார் போன்று அவை எழுதப்பெற்றிருத்தலைக் காண்கின்றோம். கோபுரத்தைக் காண்பார் அதன் கலசத்தை வியப்பர். மண்ணினுள் மறைந்து நின்று அதனைத் தாங்கும் அடிக்கல்லை எண்ணுவார் மிகச் சிலரே. ஆப்பிரிக்காக் கண்டத்தின் உள்நாடுகளைக் கால்நடையாகக் கடந்து, ஆங்கு நிகழ்ந்த அடிமை வாணிகத்தின் கொடுமையை உலகறியச் செய்த டாக்டர் டேவிட் லிவிங்ஸ்டனின் பெயரை அறியாத மாணாக்கர் நம்முள் இலர். சிங்கத்தின் வாயில் அகப்பட்டு அவர் உயிர் தப்பிய கதையைச் சிறுவராயிருந்த பொழுதே நாம் கேட்டிருக்கின்றோம். ஆயினும், அச்சிங்கத்தின் வாயினின்று அவரை மீட்டவர் யாவர், நோயுற்ற காலத்து அவரைத் தோளிற் சுமந்தவர் யாவர், அவர் உயிர் நீத்த பின்னர் அவ்வுடலைக் கடற்கரை வரையிற் கொணர்ந்து சேர்த்தவர் யாவர் என வினவின், விடை கூற வல்லார் எத்துணையர்? அப்பெரியாரின் வாழ்க்கையையும் அவர்தம் துணைவரின் வாழ்க்கையையும் ஒருங்கு வைத்து எண்ணுவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொண்ட முயற்சியாகும்.

நூற்பாலையும் நூலும்

லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்து தேசத்தில், கிளாஸ்கோ நகருக்கு அணித்தான பிளான்டயர் என்னும் ஊரில் 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நீல் லிவிங்ஸ்டன் தேயிலை விற்று வாழ்ந்த எளியவர். கடவுட் பற்று மிக்கவர். தாயார் பெயர் ஆக்னெஸ். மக்கள் எழுவருள் டேவிட் இரண்டாமவர். ஆலைத் தொழிலாளருக்கென எடுக்கப்பெற்ற நீண்ட கட்டடத்தில் ஓர் அறையே இக்குடும்பம் முழுமைக்கும் இல்லமாயிற்று.

பத்து வயதில் டேவிட் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நூற்கும் யந்திரங்களின் இடையே ஓடித் திரிந்து அறுந்த இழைகளை இணைத்தலே அவர் தொழில். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை இரவு எட்டு மணிக்கு முடியும். அதன்பின் இராப்பள்ளியில் இரண்டு மணி நேரம் கற்பார். முதன் முதற் பெற்ற கூலியின் ஒரு பகுதியைக் கொண்டு இலத்தீன் இலக்கணம் ஒன்றை அவர் வாங்கினார். யந்திரத்தின் மேல் நூலை விரித்து வைத்து, அதனைக் கடந்து செல்லுந்தோறும் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து மனத்திற் பதித்துக்கொண்டார். ஆலையின் பேரிரைச்சலுக்கிடையே மனத்தை ஒருமுகப்படுத்தும் இப்பழக்கம், பிற்காலத்தில் ஆரவாரம் மிகுந்த கூட்டத்தின் நடுவேயும் அமைதியாக அமர்ந்து எழுத அவருக்கு உதவிற்று. நூல் நூற்ற கையே நூல் கற்றது எனலாம்.

சீன தேசத்திற்கு மருத்துவ மிஷனரிமார் தேவை என்னும் வேண்டுகோள் 1834-ஆம் ஆண்டு அவர் கண்ணிற்பட்டது. அன்று முதல் மருத்துவமும் வேதமும் கற்று அங்குச் செல்வதே அவர் உறுதியாயிற்று. 1836-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் ஆண்டர்சன் கல்லூரியிற் சேர்ந்தார். ஆண்டில் ஒரு பகுதி ஆலையில் உழைத்து, அப்பொருளைக் கொண்டு மறு பகுதியிற் கற்றார். பின்னர் லண்டன் மிஷன் சங்கத்தார் அவரை ஏற்றுக்கொண்டனர். நம் நாட்டில் நாகர்கோவில், நெய்யூர் முதலிய இடங்களிற் பணிபுரிந்ததும் இச்சங்கமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பயிற்சிக் காலத்தில் ஒரு சிற்றூர்க் கோயிலிற் பிரசங்கம் செய்ய எழுந்தவர், நெட்டுருச் செய்த அனைத்தையும் மறந்து, சபையாரிடம் அதனைக் கூறிவிட்டு வெளியேறிவிட்டாராம்! மேடையேறி நாவறண்டு நிற்கும் நம்மனோர்க்கு இச்செய்தி ஆறுதல் தருவதன்றோ?

அக்காலத்து மூண்ட அபினிப் போர் சீனத்தின் வாயிலை அடைத்தது. தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் தொண்டாற்றிய ராபர்ட் மொபாட் என்பாரை லண்டனிற் சந்தித்த பின், லிவிங்ஸ்டனின் கருத்து அத்திசை நோக்கிற்று. 1840-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மருத்துவச் சான்றும் குருப்பட்டமும் பெற்று, டிசம்பர் மாதத்திற் கப்பலேறினார்.

சிங்கமும் மெபால்வேயும்

1841-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் மொபாட் பணிபுரிந்த குருமான் என்னும் ஊரை அடைந்த லிவிங்ஸ்டன், அதற்கும் வடக்கே சென்று அந்நாட்டு மக்களோடு வாழ்ந்து அவர்தம் மொழியைக் கற்றார். பின்னர் மபோட்சா என்னுமிடத்தில் நிலையம் ஒன்று நிறுவினார். 1844-ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஆடுகளைக் கொன்று வந்த சிங்கம் ஒன்றை வேட்டையாட ஊரார் சென்ற பொழுது அவரும் உடன் சென்றார். குண்டு பட்ட சிங்கம் அவர்மேற் பாய்ந்து, இடத் தோளைக் கவ்வி, பூனை எலியை உலுக்குவது போல உலுக்கியது. அவ்வேளை மெபால்வே என்னும் ஆப்பிரிக்க உபதேசியார் துப்பாக்கியை எடுத்துக் குறி வைத்தார். துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆயினும் சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டு மெபால்வேயின்மேற் பாய்ந்து அவர் தொடையைக் கடித்தது. ஈட்டியோடு உதவ வந்த வேறொருவரும் தோளிற் கடியுண்டார். முன்னர்ப் பட்ட குண்டுகளின் வேகத்தால் அதற்குள் சிங்கம் வீழ்ந்தது. லிவிங்ஸ்டனின் கை எலும்பு முறிந்து, சரிவரப் பொருந்தாது, பொய் மூட்டு ஒன்று அவ்விடத்து உண்டாயிற்று. அவ்வடு முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பயன் தந்தமையைப் பின்னர்க் காண்போம்.

1845-ஆம் ஆண்டு மொபாட்டின் மகளார் மேரியை அவர் மணந்தார். குவேனா மக்களின் தலைவராகிய செசேலே என்பார் அவருக்கு நண்பரும் மாணாக்கருமாயினார். செசேலே நெடுங்கணக்கை ஒரே நாளிற் கற்றுக்கொண்டு, விரைவில் வேதாகமத்தைத் தாமே படிக்கலானார். தம் மக்கள் உபதேசத்திற்குச் செவி சாய்க்காமை கண்டு, காண்டாமிருகத் தோற் சவுக்கினால் அடித்து அவரையெல்லாம் நம்பச் செய்துவிடலாமே என அவர் அன்போடு யோசனை கூறியதும் உண்டு! 1848-ஆம் ஆண்டு அவர் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கென மனைவியர் பலருள் ஒருத்தியை வைத்துக்கொண்டு ஏனையோரைப் பிறந்தகம் அனுப்பினார். சின்னாளில் விலக்கிய மனைவியருள் ஒருத்தி அவரால் கருவுற்றமை தெரிய வந்தது. லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்தினின்று விலக்கினார். நம்பிக்கை இழந்தவராய், வடதிசைப் பயணங்களில் மனத்தைச் செலுத்தினார்.

ஆனால் செசேலேயின் வரலாறு அத்துடன் முடியவில்லை. லிவிங்ஸ்டன் சென்ற பின்னரும் அவர் வேதம் வாசிப்பதையும் தம் மக்களுக்குப் பிரசங்கிப்பதையும் விடவில்லை. 1892-ஆம் ஆண்டு அவர் இறக்கும் வரை அத்தொண்டு பல்லாண்டுகள் நடைபெற்றது. இக்காலத்துப் பொட்ஸ்வானா நாட்டில் கிறிஸ்து சமயம் வேரூன்றியதற்கு அவரும் ஒரு பெருங்காரணர். விதைத்தவர் முளை கருகிற்று என்று கருதிப் போயினார்; முளையோ மரமாயிற்று. ஒருவர் தம் தொண்டின் பயனைத் தம் கண்ணாலேயே அளந்துவிட முடியாது என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும்.

கடலுக்கு வழி

1849-ஆம் ஆண்டு கலஹாரிப் பாலையைக் கடந்து ங்காமி ஏரியைக் கண்ட லிவிங்ஸ்டன், 1851-ஆம் ஆண்டு ஸாம்பெஸிப் பேராற்றை அடைந்தார். ஆங்கு மனிதரை விலைப்பொருளாக்கும் வாணிகம் உள்நாடு வரை பரவி வருதலைக் கண்டார். நேர்மையான வாணிகத்திற்குக் கடலிலிருந்து வழியொன்று திறந்தால், மனிதரை விற்றுத் துணி வாங்கும் இழிநிலை ஒழியும் என்பது அவர் நம்பிக்கை. மனைவியையும் மக்களையும் 1852-ஆம் ஆண்டு கேப்டவுனில் கப்பலேற்றித் தாய்நாடு அனுப்பினார். அவ்வாண்டே போயர் படையினர் குவேனா மக்களைத் தாக்கி, கொலோபெங்கில் இருந்த அவர் இல்லத்தையும் சூறையாடினர்.

1853-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கொலோலோ மக்களின் இளந்தலைவராகிய செகெலேட்டு கொடுத்துதவிய 27 பேருடன் லினியான்டி நகரை விட்டு மேற்குக் கடல் நோக்கிப் புறப்பட்டார். மழையும் சதுப்பும் பசியும் வருத்தின. மீண்டும் மீண்டும் வந்த முறைசுரம் அவரை எலும்புந்தோலுமாக்கிற்று. வழியிலிருந்த தலைவர் சிலர் ஆளையேனும் மாட்டையேனும் துப்பாக்கியையேனும் வரியாகக் கேட்டனர். துணைவருள் ஒருவரையும் கொடுக்க அவர் இசைந்திலர். 1854-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் அங்கோலாவின் கடற்கரை நகரமாகிய லுவாண்டாவை அனைவரும் அடைந்தனர். கடலைக் கண்டறியாத அவ்விருபத்தெழுவரும், முடிவில்லாதது எனத் தாம் எண்ணியிருந்த உலகம் அங்கே முடிந்துவிட்டதைக் கண்டு திகைத்தனர். லிவிங்ஸ்டன் நோயுற்றுக் கிடந்த நாட்களில், அவர்கள் விறகு விற்றும், கப்பலினின்று நிலக்கரி இறக்கியும் தம் உணவுக்குத் தாமே பொருள் தேடிக்கொண்டனர்.

துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பல்கள் நின்றன. தாய்நாட்டிற்கு அழைத்துச் செல்வதாகத் தலைவர்கள் கூறினர். மனைவி மக்களைப் பிரிந்து இரண்டாண்டுகள் கழிந்துவிட்டன, உடலோ நைந்துவிட்டது. செல்லின், பழிப்பார் ஒருவரும் இலர். எனினும், அத்துணைவரை மீண்டும் அவர்தம் ஊரிற் சேர்ப்பதாகச் செகெலேட்டுவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவரில்லாமல் அவர்கள் ஊர் திரும்புதல் அரிது. ஆதலின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் நிலப்படங்களையும் மட்டும் கப்பலில் அனுப்பிவிட்டு, வந்த வழியே திரும்பினார். அவற்றைக் கொண்டு சென்ற கப்பல் மதீராத் தீவின் அருகே மூழ்கிற்று. பயணிகள் பலர் மாண்டனர். வாக்கைக் காத்தமையால் அவர் உயிர் காக்கப்பெற்றது! வழியில் இச்செய்தியறிந்து, இழந்த குறிப்புகளையெல்லாம் மீண்டும் பொறுமையாக எழுதி அனுப்பினார். 1855-ஆம் ஆண்டு செப்டம்பரில் 27 பேரும் ஒருவர் குறையாமல் லினியான்டி திரும்பினர். லிவிங்ஸ்டனின் செயல்கள் அனைத்துள்ளும் இதுவே தலைசிறந்தது என்பது நம் துணிபு.

பின்னர்க் கிழக்கு நோக்கிச் சென்றவர், அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அந்நாட்டார் முழங்கும் புகை என்னும் பொருள்பட மோசி-ஓ-துன்யா என வழங்கிய பேரருவியைக் கண்டு, அதற்கு விக்டோரியா அரசியாரின் பெயரிட்டார். உடன் வந்த நூற்றுக்கு மேற்பட்டோரைத் தேத்தே என்னும் ஊரில் நிறுத்தி, மீண்டும் வந்து அழைத்துச் செல்வதாக உறுதி கூறி, 1856-ஆம் ஆண்டு மே மாதத்தில் கீழ்க்கடற்கரையில் உள்ள கெலிமானேயை அடைந்தார். கடலிலிருந்து கடல் வரை அக்கண்டத்தின் குறுக்கே சென்றவர் எனும் புகழ் அவருக்கு வந்து எய்திற்று.

புகழும் தோல்வியும்

இங்கிலாந்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. 1857-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பயண நூல் பல்லாயிரம் படிகள் விற்பனையாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிற் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக் கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவு மாணாக்கர் உள்ளத்தில் கனலை மூட்டிற்று. பல்கலைக் கழகங்களின் மத்திய ஆப்பிரிக்க மிஷன் அதன் பயனாகவே தோன்றிற்று. லண்டன் மிஷன் சங்கத்தினின்று விலகி, 1858-ஆம் ஆண்டு அரசாங்கத் தூதராக ஸாம்பெஸிக்குத் திரும்பினார்.

ஈண்டு உண்மையை மறையாது கூறுதல் வேண்டும். இரண்டாம் பயணம் பல வகையாலும் தோல்வியாயிற்று. ஆற்று வழியே உள்நாடு செல்லலாம் என்ற அவர் எண்ணத்தைக் கெப்ராபாசாப் பாறைகள் தகர்த்தன. அவற்றை முன்னரே அவர் நேரிற் கண்டு ஆராய்ந்திருக்கவில்லை. ஆப்பிரிக்கரிடம் பொறுமையே வடிவாக இருந்தவர், தம் இனத்தாரிடம் அப்பொறுமையைக் காட்டிலர். உடன் சென்ற ஐரோப்பியருடன் பிணக்குகள் மலிந்தன. அவர் தூண்டுதலால் லினியான்டிக்குச் சென்ற ஹெல்மோர் என்னும் மிஷனரியாரும் மனைவியாரும், குழந்தைகள் சிலரும் 1860-ஆம் ஆண்டு அங்கு உயிர் நீத்தனர். அம்மக்கள் லிவிங்ஸ்டனை எதிர்பார்த்திருக்க, அவரோ வேறிடத்தில் இருந்தார். ஷிரே ஆற்றுப் பகுதியில் பிஷப் மெக்கன்ஸி 1862-ஆம் ஆண்டு ஜனவரியிற் சுரத்தால் இறந்தார். கணவரோடு இருத்தற்கென வந்த மேரி அம்மையாரும் அவ்வாண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் ஷுபாங்காவில் கண்மூடினார். ஆற்றங்கரையில் ஒரு பேரால மரத்தை ஒத்த பெருமரத்தடியில் அவரை அடக்கம் செய்து, கணவர் குழந்தை போல் அழுதார். தம் மக்களோடு விளையாடிக் களிக்கத் தமக்குப் பொழுதில்லாமற் போயிற்றே என்று அவர் பிற்காலத்தில் வருந்தினார். மூத்த மகன் ராபர்ட் அமெரிக்க உள்நாட்டுப் போரிற் சிறைப்பட்டு 1864-ஆம் ஆண்டு மாண்டான். அந்தோ! உலகுக்குத் தொண்டு செய்வாரின் இல்லத்தார் செலுத்தும் காணிக்கையை யார் கணக்கிட வல்லார்?

எனினும், தேத்தேயில் நிறுத்திய துணைவருக்குக் கூறிய உறுதியை அவர் மறந்திலர். அம்மைநோயாற் பலர் அதற்குள் இறந்திருந்தனர். எஞ்சியோருள் திரும்ப விரும்பியோரை 1860-ஆம் ஆண்டு அவர்தம் நாட்டிற் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1859-ஆம் ஆண்டு நியாஸா ஏரியை அடைந்து, அதனைச் சூழ்ந்த நாடுகள் அடிமை வாணிகத்தால் பாழாகிக் கிடத்தலை உலகுக்கு எடுத்துரைத்தார். 1861-ஆம் ஆண்டு, கழுத்தில் கவைக்கோல் பூட்டி இழுத்துச் செல்லப்பெற்ற 84 அடிமைகளை அவரும் மெக்கன்ஸியும் உடன் சென்றோரும் விடுவித்தனர். அங்ஙனம் அவ்வாண்டு விடுதலை பெற்ற சிறுவருள் ஒருவன் சூமா. ஷுபாங்காவிற் கப்பல் வேலைக்குச் சேர்ந்த இளைஞன் ஒருவன் சூசி. இவ்விருவரின் பெயரையும் வாசகர் மனத்திற் குறித்துக்கொள்வாராக.

பம்பாயும் நாசிக்கும்

1863-ஆம் ஆண்டு ஆங்கில அரசாங்கத்தார் அப்பயணத்தை நிறுத்தும்படி கட்டளையிட்டனர். லிவிங்ஸ்டனிடம் லேடி நியாஸா என்னும் சிறு நீராவிக் கப்பல் எஞ்சி நின்றது. அடிமை வாணிகர் கையில் அது சிக்குவதை விரும்பாது, அதனை விற்பதற்கென நம் நாட்டிற்கே கொண்டுவரத் துணிந்தார். 1864-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஸான்ஸிபாரை விட்டு, ஒரு சில ஐரோப்பியரையும் கடற்பழக்கம் மிகுதியும் இல்லாத ஆப்பிரிக்கரையும் துணைக்கொண்டு, தாமே மாலுமியாய் இந்துமா கடலைக் கடந்து, ஜூன் 13-ஆம் நாள் பம்பாய்த் துறையில் நங்கூரமிட்டார். கப்பல் 2,300 பவுனுக்கு விலைபோயிற்று. அத்தொகையும் அதனை இட்டு வைத்த பாங்கு முறிந்தமையால் அழிந்தது. சூமாவையும் அவன் தோழன் வெக்கட்டானியையும் பம்பாயில் டாக்டர் ஜான் வில்சனின் பள்ளியிற் சேர்த்தார். அங்கு அவர்கள் ஞானஸ்நானம் பெற்றனர். சூசியும் அமோடா என்பவனும் துறைமுகத்தில் வேலை செய்து காத்திருந்தனர்.

நாசிக் நகரின் அருகே சரண்பூர் என்னுமிடத்தில் சர்ச் மிஷன் சங்கத்தாரின் இல்லம் ஒன்று இருந்தது. ஆங்கிலப் போர்க்கப்பல்கள் அரபிக்கடலில் அடிமைப் படகுகளினின்று மீட்ட ஆப்பிரிக்கச் சிறுவர்க்கு ஆங்கு எழுத்தும் தச்சுவேலை முதலிய கைத்தொழிலும் கற்பிக்கப்பெற்றன. இறுதிப் பயணத்திற்கு அவ்வில்லத்து இளைஞர் ஒன்பதின்மர் முன்வந்தனர். தம்மைப் பறித்துச் சென்ற நாட்டிற்கே அவர்கள் நம் பாரத பூமியிலிருந்து திரும்பிச் சென்றனர். ஆப்பிரிக்க மிஷன் வரலாற்றில் நம் நாட்டிற்கும் இங்ஙனம் ஒரு பங்கு உண்டென்பது நம்முட் பலரும் அறியாதது.

இறுதிப் பயணம்

1866-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நைல் நதியின் ஊற்றைக் காண்பதும் அடிமை வாணிகத்தை ஒழிக்க வழி தேடுவதும் நோக்கமாக, லிவிங்ஸ்டன் கிழக்குக் கரையில் இறங்கினார். பம்பாய்ச் சிப்பாய்கள் இடைவழியே திருப்பி அனுப்பப்பெற்றனர். ஜொஹானாத் தீவினர் அவரை விட்டு ஓடி, அவர் கொலையுண்டார் எனப் பொய்யுரை பரப்பினர். 1867-ஆம் ஆண்டு ஜனவரியில், சுமையாள் இருவர் மருந்துப் பெட்டியோடு ஓடிவிட்டனர். கொயினா இல்லாத மருத்துவர் சுரநாட்டில் என் செய்வார்? அன்றே தம் மரண ஓலை எழுதப்பட்டதென அவர் கருதினார். ஆயினும் மேற்சென்று, 1867-ஆம் ஆண்டு ம்வேரு ஏரியையும் 1868-ஆம் ஆண்டு பாங்வேயுலு ஏரியையும் கண்டார். அவ்வாண்டு ஒருமுறை துணைவரிற் பெரும்பாலார் உடன்வர மறுத்தனர். திரும்பி வந்து அவரைக் கண்ட பொழுது லிவிங்ஸ்டன் சினவாது ஏற்றுக்கொண்டார். தம்மிடத்தும் குறை உண்டென அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

ஈண்டு ஒரு முரணையும் நாம் காண்கின்றோம். அடிமை வாணிகத்தை வெறுத்த அவர், உணவுக்கும் மருந்துக்கும் அவ்வாணிகரையே நாட வேண்டியவரானார். 1871-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், லுவலாபா ஆற்றங்கரையில் நியாங்வே என்னும் ஊரின் சந்தையில், பெரும்பாலும் பெண்டிரே கூடியிருந்த கூட்டத்தின்மீது அவ்வாணிகரின் ஆட்கள் சுட்டனர். நூற்றுக்கணக்கானோர் குண்டு பட்டும் ஆற்றில் அமிழ்ந்தும் மாண்டனர். அதனைக் கண்ணாரக் கண்ட லிவிங்ஸ்டன் நெஞ்சு துடித்தார். எழுதுவதற்குத் தாளும் மையும் தீர்ந்துவிட்டமையால், பழைய செய்தித்தாளின்மேல் செடியின் சாற்றை மையாக்கி எழுதிய அக்குறிப்புகள் பிற்காலத்து மங்கிவிட்டன. 2011-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் புதுமுறை ஒளிப்படங்களால் அவற்றை மீண்டும் படித்தறிந்தனர்.

நொந்த உள்ளத்தோடு தங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள உஜிஜிக்குத் திரும்பிய பொழுது, தமக்கென வந்திருந்த பொருளனைத்தும் விற்கப்பட்டிருத்தலைக் கண்டார். அந்நிலையிற்றான், 1871-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றின் நிருபராகிய ஸ்டான்லி அவரைத் தேடி வந்தடைந்தார். உணவும் மருந்தும் கடிதங்களும் வந்தன. உடன் வருமாறு ஸ்டான்லி வேண்டியும் அவர் இசைந்திலர். ஸ்டான்லி கடற்கரை சென்று அனுப்பிய 57 பேர் 1872-ஆம் ஆண்டு வந்து சேர்ந்தனர். அவருள் நாசிக் இல்லத்தில் கற்ற ஜேக்கப் வெயின்ரைட் என்பவனும் ஒருவன். ஆயின் லிவிங்ஸ்டன் தேடிய ஊற்று அங்கு இல்லை. லுவலாபா நைலன்று, காங்கோ நதியே என்பதை அவர் இறந்தபின் ஸ்டான்லியே கண்டறிந்தார்.

1873-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், இரத்தப்போக்கினால் நடக்கவும் இயலாத அவரை, இடுப்பளவு நீர் நின்ற சதுப்பு நிலங்களின் வழியே துணைவர் தோளிலும் தூக்குப் படுக்கையிலும் சுமந்து சென்றனர். இன்றைய ஸாம்பியா நாட்டில், சித்தாம்போ என்னும் தலைவரின் ஊரில் அவருக்கென ஒரு குடிசை அமைத்தனர். மே மாதம் முதல் நாள் விடியற்குமுன், வாயிலிற் படுத்திருந்த சிறுவன் மஜ்வாரா அஞ்சிச் சூசியை அழைத்தான். உள்ளே சென்றோர், படுக்கையின் அருகே முழந்தாளிட்டு, கைகளில் முகம் புதைத்து, வேண்டுதல் செய்யும் நிலையிலேயே அவர் உயிர் நீத்திருத்தலைக் கண்டனர்.

சுமந்து சென்றோர்

இனித்தான் நாம் கூறக் கருதியதன் உச்சம். தலைவர் இறந்தார், அவருக்கு அஞ்ச வேண்டுவதில்லை, அவரிடம் பெறுவதற்கும் ஒன்றுமில்லை. ஆங்கே புதைத்துவிட்டுத் தம் வழியே சென்றிருப்பின் அவர்களைக் குறை கூறுவார் எவர்? பிணத்தைச் சுமந்து செல்வோரைத் தீமை கொணர்வோர் என ஊர்தோறும் அஞ்சி விரட்டும் நாடு அது. எனினும், அவ்வுடலை அவர்தம் நாட்டாரிடம் ஒப்புவித்தல் வேண்டும் என அனைவரும் கூடி உறுதி செய்தனர். சூசியும் சூமாவும் தலைமை ஏற்றனர்.

இதயத்தையும் உள்ளுறுப்புகளையும் எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்து ஒரு மரத்தடியிற் புதைத்தனர். ஜேக்கப் வெயின்ரைட் அடக்க ஆராதனையை வாசித்து, அம்மரத்தில் லிவிங்ஸ்டனின் பெயரையும் நாளையும் செதுக்கினான். உடலை உப்பிட்டுப் பதினான்கு நாட்கள் வெயிலில் உலர்த்தித் துணியாற் சுற்றி, மரப்பட்டைக்குள் வைத்து, கப்பற்பாயாற் பொதிந்து, கீல் பூசினர். பின்னர் ஏறத்தாழ ஒன்பது மாதம், ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட வழியை அச்சுமையோடு நடந்தனர். உன்யான்யெம்பே என்னுமிடத்தில் எதிர்ப்பட்ட காமெரன் என்னும் ஆங்கிலேயத் தளபதி, ஆங்கேயே அடக்கம் செய்துவிடுமாறு யோசனை கூறினார். பணிவோடு அவர்கள் மறுத்துவிட்டனர். அப்பால் ஓரூரார் பிணத்தோடு வழிவிட இசையாத பொழுது, சோளத்தட்டைகளை உடல் போலக் கட்டி, அடக்கம் செய்யத் திருப்பி அனுப்புவதாகக் காட்டினர். தூக்கிச் சென்றோர் காட்டில் அவற்றை எறிந்துவிட்டு இரவிற் திரும்பினர். உண்மை உடலோ துணிமூட்டை போலக் கட்டப்பெற்று மேற்சென்றது!

1874-ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பாகமோயோத் துறையை அடைந்து அவ்வரும்பொருளை ஒப்புவித்தனர். நாட்குறிப்புகளும் அவர்களாலேயே காக்கப்பெற்றன. அவர்களுக்குக் கிடைத்ததோ கூலியும் விடையுமே. ஜேக்கப் ஒருவன் மட்டும் சர்ச் மிஷன் சங்கத்தாரின் உதவியால் உடன் சென்றான். லண்டனில், சிங்கம் கடித்த இடக்கையிலிருந்த பொய் மூட்டைக் கொண்டே அவ்வுடல் லிவிங்ஸ்டனுடையது என மருத்துவர் உறுதி செய்தனர். ஏப்ரல் 18-ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார். பிரேதப் பெட்டியின் மருங்கே நடந்த எண்மருள் ஸ்டான்லியும் ஒருவர். நாசிக்கிற் கற்ற ஜேக்கபும் ஒருவன். சூசியும் சூமாவும் அடக்கம் முடிந்த பின்னரே அந்நாட்டிற்கு அழைக்கப்பெற்றனர். இறுதி நாட்குறிப்புகளைப் பதிப்பித்த ஹொரஸ் வாலருக்கு ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அவர்கள் நினைவிலிருந்து விளக்கினர். அவர்கள் வாய்மொழி இல்லையேல் லிவிங்ஸ்டனின் இறுதி நாட்களை உலகம் அறிந்திராது.

நாம் கொள்ளத்தக்கது

லிவிங்ஸ்டன் தேடிய நைல் ஊற்றை அவர் கண்டிலர். திறக்க எண்ணிய ஆற்றுவழி திறக்கவில்லை. மனந்திருப்பினோர் எனக் கணக்கிடின் ஒருவர்க்கு மேற் கூறுதல் அரிது. ஆயினும், நியாங்வேக் கொடுமையைப்பற்றிய அவர் எழுத்து இங்கிலாந்தை உலுக்கிற்று. அவர் இறந்த ஐந்து வாரத்தில், 1873-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் நாள், ஸான்ஸிபார் சுல்தான் அடிமைச் சந்தையை மூட உடன்பட்டுக் கையொப்பமிட்டார். அச்சந்தை இருந்த இடத்திலேயே பின்னர்க் கிறிஸ்தவ தேவாலயம் எழுந்தது. 1875-ஆம் ஆண்டு லிவிங்ஸ்டோனியா மிஷன் நியாஸாக் கரையில் தோன்றிற்று. ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்று, அயலார் இட்ட ஊர்ப்பெயர்கள் பலவற்றை மாற்றிய பின்னரும், ஸாம்பியாவில் லிவிங்ஸ்டன் நகரமும் மலாவியில் பிளான்டயர் நகரமும் அப்பெயராலேயே வழங்குகின்றன. அவர் திறந்த வழியே பின்னர் அயலார் ஆட்சியும் நுழைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அதனோடு ஒப்பிட்டு நோக்கின், அம்மக்கள் அவர் பெயரை விலக்காமை பின்னும் வியப்பையே தருகின்றது.

இதன் காரணம் யாதென ஆராயின், லுவாண்டாத் துறைமுகமே நம் கண்முன் நிற்கின்றது. கப்பல் காத்திருக்க, கறுத்த மேனியர் இருபத்தெழுவர்க்குக் கொடுத்த வாக்கைப் பெரிதெனக் கொண்டு ஒருவர் காட்டுவழியே திரும்பினார். இருபதாண்டுகளுக்குப் பின், அந்நாட்டவர் வேறு சிலர், வாக்கு ஒன்றும் கொடாதிருந்தும், அவருடலைச் சுமந்து கடல் வரை நடந்தனர். முன்னதன் மறுமொழி பின்னது என்றே நாம் கருதுகின்றோம். மொழியாற் செய்யும் பிரசங்கத்தினும் நடந்து காட்டும் நேர்மையே நெஞ்சிற் பதியும் என்பதை அம்மக்கள் நமக்குக் காட்டினர்.

தொண்டு செய்யப் புகும் நம்மவர்க்கு இருவகைப் பாடம் ஈண்டு உண்டு. முன்னே செல்வோர், பின்னே வருவாரிடம் கூறிய சொல்லை உயிரினும் பெரிதாகக் கொள்ளுதல் ஒன்று. பெரியோரின் புகழைப் பாடுமிடத்து, அவரைச் சுமந்தவர் பெயரையும் உடன் கூறுதல் மற்றொன்று. மெபால்வே, செசேலே, சூசி, சூமா, ஜேக்கப் வெயின்ரைட் என்னும் பெயர்கள் லிவிங்ஸ்டனின் பெயரோடு நம் நினைவில் நிலைபெறுவனவாக.